வெள்ளாடு தின்ற இடது பக்கம்

மரத்தால் செய்த ஒரு மனிதனின் கழுத்தை அறுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அறுத்தவன் ஒட்டாவியோ. அறுபட்ட துண்டைக் கண்டெடுத்தவள் அவன் தங்கை கிளேலியா. திங்கட்கிழமை காலை, கழிவுக் களிமண் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது அது விரலில் தட்டியது. நாலு விரல் கனம். ஒட்டுப்பலகை. ரம்பம் போன இடத்தில் மரத்தூள் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது. பாலாடைக்கட்டித் துண்டோ என்று முதலில் மோந்து பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து பெப்பேயைப் பார்த்தாள்.

பெப்பே என்பது பட்டறையின் பலகை மனிதன். பக்கவாட்டில் பார்த்த ஆளின் உருவத்தை ஒட்டுப்பலகையில் வெட்டி, இடுப்பிலும் முழங்காலிலும் திருகாணி போட்டது. இரும்பு இருக்கையில் உட்காரவைத்து, செய்துகொண்டிருக்கும் காரின் விலாவோடு சாய்த்து வைப்பார்கள். பெப்பேயின் உச்சந்தலை காரின் கூரைக்குக் கீழே அடங்கினால் அது கார். அடங்காவிட்டால் அது வெறும் படம். இந்தமுறை அவனை வெட்டியது வாடிக்கையாளரின் சொந்த அளவுக்கு. ஹாலந்தில் லாரி செய்து பெரிய ஆளான ஸ்லூயிஸ், தன் பெயரில் ஒரு இரட்டை இருக்கைக் கார் வேண்டும் என்று கேட்டிருந்தார். நின்றால் தூரின் நகரத்தின் பாதிக் கதவு நிலைகளில் நெற்றி இடிக்கும் மனிதர். பெப்பேயும் அப்படித்தான் வளர்ந்திருந்தான், போன சனிக்கிழமை வரை.

இன்று பெப்பேயின் கழுத்தில் சிவப்பு மப்ளர் சுற்றியிருந்தது. ஏப்ரல் மாதம். தாடை நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது.

"சளி பிடிச்சிருக்கு பாவம்," என்றான் ஒட்டாவியோ, அவள் பார்வையைப் பார்த்துவிட்டு, பென்சில் சீவுவதை நிறுத்தாமல்.

கிளேலியா மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பினாள். துண்டை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அவள் செய்த முதல் தப்பு, கடைசித் தப்பும் அதுதான். ஆனால் சாதாரணத் தப்பல்ல. அதிலிருந்து மூன்று பல்லும், ஒரு கட்டைவிரலும், ஆறு எலுமிச்சை மரங்களும், ஒரு கண்ணாடியும் போயின.

ஃபெராபோஸ்கோ பட்டறையில் கார்களுக்கு உடம்பு வரைந்து களிமண்ணில் செய்து காட்டுவார்கள். வரைகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் கிளேலியாவின் அண்ணன் ஒட்டாவியோ, இன்னொருவன் அவள் புருஷன் ரென்ஸோ. இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, முதல் வகுப்பிலேயே ஒருவன் மண்டையை இன்னொருவன் சிலேட்டால் உடைத்த சிநேகம். வரைந்ததைக் களிமண்ணில் உயிர்ப்பிக்கிறவள் கிளேலியா. இருபத்தாறு வருடமாக அடுப்பில் சூடாக்கி இளக்கிய களிமண்ணைப் பிசைந்த கை. அந்த முன்னங்கையைப் பார்த்துக் கசாப்புக் கடைக்காரர்கள் நடைபாதையில் ஒதுங்கி வழிவிட்டதுண்டு.

ஒட்டாவியோ கையால் மட்டுமே வரைவான். ஒரு நாளைக்கு நூறு தாள். அதில் தொண்ணூற்றொன்பதைக் கசக்கி யார் மேலாவது எறிவான். அவன் வரைந்த காரில் சக்கரம் மாவு மில் கல் அளவுக்கு இருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவன் ஆலிவ் கொட்டை அளவுக்கு இருப்பான். காகிதம் எதையும் வேண்டாம் என்று சொல்லாது அல்லவா. ரென்ஸோ நாலு வருடமாகப் பென்சிலைத் தொடவில்லை. கன்றுக்குட்டி கனத்தில் ஒரு கணிப்பொறித் திரை, அதற்குக் கீழே எலி, மேஜைக்கு அடியில் உறுமுகிற பெட்டி. அதில் காரின் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் இருந்தது. எண் பொய் சொல்லாது. ஆனால் ஒரு விசையைத் தட்டினால் செய்தது செய்யாததாகிவிடும் என்பதால் ரென்ஸோவுக்குப் பயம் விட்டுப்போயிற்று; பயம் விட்டதும் முடிவெடுப்பதும் விட்டுப்போயிற்று. ஒரே காருக்கு நாற்பத்தேழு வால் செய்து, நாற்பத்தேழையும் சேமித்து வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று பெண்டாட்டியைக் கேட்பான்.

கிளேலியாவுக்கு மட்டும் ஒன்று தெரியும். அண்ணன் தாளில் ஒரு கோட்டுக்குப் பதில் பன்னிரண்டு கோடு இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு. அதில் எதை எடுப்பது என்று அவள் கை தேடும்போது, அவன் நினைத்தே பார்க்காத ஒரு வளைவு களிமண்ணில் கிளம்பும். ஆனால் அந்தக் காருக்குள் ஆள் ஏற முடியாது. புருஷன் அனுப்பும் காரில் ஆள் ஏறலாம், மாமியாரும் ஏறலாம், கூடவே பெட்டியும் வைக்கலாம். ஆனால் கை தேடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது; அளவெடுத்து முடித்த பிணம் மாதிரி படுத்திருக்கும். இரண்டு பேரும் இருந்தால்தான் அவளால் ஒரு கார் செய்ய முடியும். இதை இரண்டு பேரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அவளை அடிக்க வருவார்கள்.

பட்டறையின் முதலாளியம்மா சின்யோரா ஃபெராபோஸ்கோ. எழுபத்தாறு வயது. கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. நடப்பதற்கு அது தேவைப்பட்டதே இல்லை. அவர் ஒரு மாதம் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஸ்லூயிஸின் காரைப் பட்டறை வழக்கப்படி இரண்டு பாதியாகச் செய்யவேண்டும். இடப்பாதி ஒட்டாவியோ வரைந்தது, வலப்பாதி ரென்ஸோ வரைந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரண்டு அரைக் கார். நடுவில் ஒரு பிளவு, அதற்குள் ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பக்கமும் முகம் காட்டுவது. இடதுபக்கம் நின்று பார்த்தால் ஒட்டாவியோவின் கார் முழுதாகத் தெரியும், வலதுபக்கம் நின்றால் ரென்ஸோவின் கார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்லூயிஸ் வருவார், சுற்றிப் பார்ப்பார், ஒன்றைச் சொல்வார். ஜெயித்தவன் தலைமை வரைவாளன். தோற்றவன் மறுநாளே ஊருக்கு வெளியே செத்திமோவில் இருக்கும் பட்டறைக் கொட்டகைக்குப் போகவேண்டும், ஃபிரிட்ஜ் கதவு வரைய.

அந்தக் கொட்டகைக்குப் போனவன் எவனும் திரும்பி வந்து ஒரு சக்கரத்தைப் பார்த்ததில்லை.

ஆக, இரண்டு பேரில் ஒருவனை வியாழக்கிழமை இழக்கப்போகிறோம், யாரை என்பது தன் ஏப்ரன் பையில் நாலு விரல் கனத்தில் கிடக்கிறது என்று கிளேலியாவுக்குப் புரிந்தது. துண்டை எடுத்துக் காட்டினால் அண்ணன் ஃபிரிட்ஜுக்குப் போவான். காட்டாவிட்டால் புருஷன். ஒரு நாள் போகட்டும் என்று வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ரென்ஸோ மோப்பம் பிடித்துவிட்டான். ஒட்டாவியோவின் கூரை தாழ்வு என்று திரையில் எண் சொன்னது, நாலு விரல் தாழ்வு. எழுந்து வந்து எல்லார் முன்னாலும், பெப்பேயை உட்கார வைத்துக் காட்டு மச்சான், என்று சவால் விட்டான். ஒட்டாவியோ மறுப்பான் என்று எதிர்பார்த்தான். அவனோ தானே பெப்பேயைத் தூக்கி, மப்ளரைச் சரிசெய்து, கைக்குழந்தையைப் போல உட்கார வைத்தான். தலை கூரைக்குக் கீழே சொகுசாக அடங்கியது.

"பாத்தியா மாப்பிள்ளை," என்றான் ஒட்டாவியோ. "உன் டப்பா உன்னையே ஏமாத்துது. நாளைக்கு உன் பேரு ரென்ஸோ இல்லைன்னு சொல்லும், அதையும் நம்பிக்கிட்டு வீட்டுக்குப் போகாம நிப்பே."

பட்டறை முழுக்கச் சிரித்தது. ரென்ஸோவின் காது தக்காளிக் குழம்பு நிறத்துக்குப் போயிற்று. கிளேலியா பைக்குள் விரலை விட்டுத் துண்டைத் தடவினாள், வெளியே எடுக்கவில்லை. தன் எண்கள் எல்லாமே எங்கோ புரண்டுவிட்டன என்று நம்பிய ரென்ஸோ, அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்து, அளவெடுக்கும் தொடக்கப் புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டான். ஆத்திரத்தில் போட்டான். இடம் எது வலம் எது என்று சொல்கிற ஒரே ஒரு கழித்தல் குறியை மட்டும் போடாமல் விட்டான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வெள்ளாட்டை ஓடவிட்டான்.

வெள்ளாடு என்று பட்டறையில் பெயர் வைத்திருந்தது வெட்டும் இயந்திரத்துக்கு. கூரையிலிருந்து தண்டவாளத்தில் தொங்கும் இரும்புக் கை. அதன் நுனியில் நிமிடத்துக்கு எட்டாயிரம் தடவை சுழலும் பல். கணிப்பொறி சொன்ன இடத்தில் சொன்ன ஆழத்துக்கு மேயும். முன்னால் இருப்பது களிமண்ணா, கட்டையா, மேஸ்திரியின் மதியச் சாப்பாடா என்று பார்க்காது. ஒருமுறை மூன்றையும் ஒரே மூச்சில் தின்றிருக்கிறது. ரென்ஸோவின் பாதி இன்னும் செதுக்காத மொட்டைக் களிமண்ணாக வலதுபக்கம் காத்திருந்தது. வெள்ளாடு தண்டவாளத்தில் கிறீச்சிட்டு நகர்ந்தது, கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றது, பிறகு கண்ணாடியின் மேலாகத் தாண்டி இடதுபக்கம் இறங்கியது. ஒட்டாவியோ மூன்று வாரம் கண் விழித்துக் கோடு போட்டு, கிளேலியா மூன்று வாரம் உள்ளங்கை தேயத் தேய்த்த இடப்பாதியின் வாலில் பல்லை வைத்தது.

சத்தம் பன்றி அறுக்கும் சத்தம். களிமண் சாக்லேட் சீவல் போலச் சுருள் சுருளாகப் பறந்தது. பின்சக்கர வளைவு போயிற்று. பின்கண்ணாடியின் சரிவு போயிற்று. ஒட்டாவியோ காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தபோது அது கதவை நோக்கி மேய்ந்துகொண்டிருந்தது. அவன் முதலில் காப்பியை எறிந்தான். ஆடு அசையவில்லை. பிறகு தன்னையே எறிந்தான். குழந்தையின்மேல் கவிழ்ந்து படுக்கும் தாய்போலக் களிமண் கூரைமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். ஆடு அவன் வலது செருப்பின் குதியைத் தின்றது, கால்சட்டையின் பின்பகுதியைத் தின்றது, அதற்கு அடியிலிருந்ததையும் தின்றது, அதற்கும் அடியிலிருந்த ஒட்டாவியோவைக் கொஞ்சம் ருசி பார்த்தது. அவன் போட்ட கூச்சலில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கப்புச்சின் துறவிகள் குன்றின் மணி தானாக அடித்ததாகச் சொல்பவர்கள் உண்டு.

கிளேலியா ஓடிவந்து சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். பொத்தான் சுவருக்குள் போயிற்று. இன்றுவரை வெளியே வரவில்லை.

வெள்ளாடு நின்றது. எல்லாரும் நின்றார்கள்.

ரென்ஸோ திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "கழித்தல் குறி. ஒரே ஒரு கழித்தல் குறி போடாம விட்டுட்டேன் மச்சான்."

"அப்படியா மாப்பிள்ளை," என்றான் ஒட்டாவியோ, கூரையிலிருந்து இறங்கி, பின்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, மிக மரியாதையாக. "இரு. கழிச்சுக் காட்டுறேன்."

முதல் அடி எஃகுப் பட்டையால். வளைவுகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஒன்றரை மீட்டர் பட்டை. மெல்லிசு, சாட்டை மாதிரி வளையும். அது ரென்ஸோவின் காதில் பட்டு, தலையைச் சுற்றி வந்து இன்னொரு காதிலும் பட்டது. ரென்ஸோ விசைப்பலகையைப் பிடுங்கி ஒட்டாவியோவின் வாயில் அடித்தான். விசைகள் தரையெல்லாம் தெறித்தன. அவற்றுக்கு நடுவில் மூன்று ஒட்டாவியோவின் பற்கள். பெருக்கிய மேஸ்திரி அப்புறம் எது எது என்று பிரிக்க அரைமணி நேரம் பாடுபட்டான். ஒட்டாவியோ இரத்தத்தைத் துப்பிவிட்டு இரண்டு வண்ணப் பேனாக்களை ரென்ஸோவின் மூக்குத் துளைகளில் மூடி வரைக்கும் ஏற்றினான். ஒன்று ஊதா, ஒன்று சாம்பல். அப்புறம் திரையை, அந்தக் கன்றுக்குட்டி கனத்தை, தனியாகத் தூக்கினான். ஒயர்கள் வேரோடு வந்தன. ஜன்னலைத் திறக்க நேரமில்லை. மூடிய ஜன்னல் வழியாகவே அதை அனுப்பினான். கீழே முற்றத்தில் சின்யோராவின் எலுமிச்சைத் தொட்டிகள் ஆறு வரிசையாக இருந்தன. ஒரே திரை ஆறையும் எப்படிச் சாய்த்தது என்பதை அங்கிருந்த யாராலும் விளக்க முடியவில்லை.

நாலு வருட வேலை ஜன்னல் வழியாகப் போனதைப் பார்த்த ரென்ஸோமேல் வேறு யாரோ வந்து இறங்கினார்கள். ஊதா வழிய, சாம்பல் வழிய, ஒட்டாவியோவின் வலதுகையைப் பிடித்து இழுத்து, பென்சில் அலமாரியின் மேல் இழுப்பறைக்குள் வைத்து, இடுப்பால் மோதி மூடினான். கட்டைவிரலில் ரொட்டிக் குச்சி ஒடிகிற சத்தம். அதற்கப்புறம் வந்தது மனிதச் சத்தமே இல்லை.

இவ்வளவு நேரமும் கிளேலியா கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். எறிந்ததெல்லாம் அவள்மேல் பட்டது; கண்ணாடிமேல் ஒரு கீறல்கூட இல்லை. ஒடிந்த சத்தம் கேட்டதும்தான் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாள். களிமண் சூடேறும் அடுப்பைத் திறந்தாள். தேங்காய் அளவில் இரண்டு உருண்டை எடுத்தாள், வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. அண்ணன் முகத்தில் ஒன்றை அப்பினாள், புருஷன் முகத்தில் ஒன்றை அப்பினாள். உரித்தெடுத்தபோது புருவமும் கூடவே வந்தது. வாய் பிளந்த அந்த இரண்டு முக அச்சுகளும் பட்டறைச் சுவரில் நெடுநாள் தொங்கின. அடையாளம் தெரியாத புது ஆட்கள் அவற்றைப் புனிதர்கள் என்று நினைத்தார்கள்.

இரண்டு பேரும் தரையில் விழுந்து மூச்சு வாங்கினார்கள். ஒருவனுக்குக் கை இல்லை. இன்னொருவனுக்குக் கணிப்பொறி இல்லை. வலப்பாதி இன்னும் மொட்டை. இடப்பாதியில் மூக்கிலிருந்து கதவுவரை ஒட்டாவியோ, கதவிலிருந்து வால்வரை ரென்ஸோ.

கிளேலியா அந்தச் சேருமிடத்தைப் பார்த்தாள். கதவுக்கு மேலே கூரையில் ஒரு படி இருந்தது. ஒட்டாவியோவின் கூரை தாழ்வாக வந்தது; அதற்குப் பின்னால் அவன் திமில்போல் எழுப்பியிருந்ததைச் சீவியும் ரென்ஸோவின் கூரை சட்டென்று உயர்ந்து நின்றது. எவ்வளவு உயரம் என்று அளக்கத் தேவையில்லாமல் போயிற்று. பையிலிருந்து கழுத்துத் துண்டை எடுத்தாள். படியில் வைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

முதலில் புரிந்துகொண்டவன் ரென்ஸோ. பெப்பேயிடம் போய் மப்ளரை அவிழ்த்தான். பிசின் வைத்து ஒட்டிய தோளைப் பார்த்தான். திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு," என்றான். "நான்தான் அதை அழிச்சேன். உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை."

"திங்கட்கிழமையே தெரியும். நேத்து நான் அத்தனை பேர் முன்னாடி நின்னப்பவும் தெரியும்."

அவன் பெப்பேயைக் காலைப் பிடித்துத் தூக்கித் தோளுக்குமேல் ஓங்கினான். ஒட்டாவியோ ஒடிந்த கையால் தலையை மூடிக்கொண்டான். கிளேலியா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவன் மரத்தை அறுத்தான். மறைச்சது நான். அடிக்கணும்னா என்னை அடி."

பலகை மனிதன் கொஞ்ச நேரம் காற்றிலேயே இருந்தான். ரென்ஸோ அவனைக் கீழே இறக்கினான். பிறகு, அவ்வளவு ஓங்கியது வீணாகக் கூடாது என்று, அவளைச் சுற்றி எட்டி ஒட்டாவியோவின் காலில் ஒன்று வைத்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிளேலியா துண்டை வைத்துப் பெப்பேயின் கழுத்தைச் சரியாக ஒட்டினாள். அவன் மறுபடி ஹாலந்துக்காரனாக நிமிர்ந்தான். இனி இடப்பாதியின் முன்கூரை நாலு விரல் உயரவேண்டும். வலப்பாதிமேல் ஒரு துணியைப் போர்த்தினாள். காட்டப்போவது இடப்பாதி ஒன்றைத்தான், அது ஒரே காராகவேண்டும், நாளை பதினோரு மணிக்குள். அண்ணன் கையில் இரண்டு மரச்சட்டம் வைத்துக் கட்டினாள். புருஷன் கையில் கறுப்பு ஒட்டு நாடாச் சுருளைத் திணித்தாள்.

பட்டறையில் காரின் முழு அளவுக் கோட்டைச் சுவரில் நாடாவால்தான் போடுவார்கள். மூக்கிலிருந்து வால்வரை, பலகைமேல் நடந்தபடியே, ஒரே இழுப்பில். போடுகிறவனிடம் யாரும் பேசக்கூடாது. பேசியவன் அன்று எல்லாருக்கும் வெர்மூத் மது வாங்கவேண்டும் என்பது சட்டம். நாலு வருடத்துக்கு அப்புறம் ரென்ஸோ பலகைமேல் ஏறினான். விசையைத் தட்டித் திரும்பப் பெற முடியாத கோடு. கை உதறியது. கதவு வரும் இடத்தில் நாடா ஒரு பள்ளம் விழுந்து, பயந்து, மறுபடி ஏறியது.

ஒட்டாவியோ சட்டத்தை மறந்தான். "குடிகாரன் மூத்திரம் போன மாதிரி இருக்கு," என்றான், பல் போன இடத்தில் காற்று வர. ரென்ஸோ சுருளை அவன் நெற்றிக்குக் குறிவைத்து எறிந்தான், குறி தப்பவில்லை. கையை நீட்டி நாடாவைக் கிழிக்கப் போனான்.

"தொடாதே," என்றான் ஒட்டாவியோ.

குரல் வேறாக இருந்தது. நெற்றியில் இரத்தம் வழிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பத்தடி பின்னால் போய் நின்றான். அந்தப் பயந்த பள்ளத்துக்கு அப்புறம் கார் ஜன்னலின் அடிக்கோடு வாலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறினால் ஜன்னல் குறுகும். ஜன்னல் குறுகினால் கூரை உயரமாக இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே பெப்பே நிமிர்ந்து உட்காரலாம், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது பாயப்போகும் மிருகம்.

"எவ்வளவு ஏத்தலாம் மாப்பிள்ளை?"

ரென்ஸோ கண்ணை மூடினான். திரை முற்றத்தில் எலுமிச்சைகளுக்கு நடுவே கிடந்தது, ஆனால் எண்கள் தலைக்குள் இருந்தன. "கதவுகிட்ட ஒன்றரை விரல். கடைசியில மூணு. அதுக்கு மேல போனா ஸ்லூயிஸுக்கு வெளியே தெரியாது."

"மூணரை."

"மூணு. கண்ணு தெரியாத லாரிக்காரனையா ஓட்ட விடப்போறே?"

மூன்றேகால் என்று முடிவாயிற்று. அதற்காக இரண்டு அறையும், முட்டியில் ஒரு உதையும் பரிமாறப்பட்டன. அன்று முழுக்க அப்படித்தான் போயிற்று. ஒட்டாவியோ தூரத்தில் நின்று கத்துவான், ரென்ஸோ நடுங்கி நடுங்கி நாடா ஒட்டுவான், கிளேலியா இரண்டு பேரையும் முழங்கையால் தள்ளிவிட்டுக் களிமண்ணில் தேடுவாள். அந்தச் சேருமிடத்தில் இருபத்தாறு வருடத்தில் கிடைக்காத ஒரு வளைவு அவள் உள்ளங்கைக்கு அடியில் எழும்பியது. அதை அவர்களிடம் சொல்ல அவளுக்கு நேரமில்லை. அப்போது ஒருவன் மற்றவனை நாடாவால் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்லூயிஸ் வந்தார். வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். சின்யோரா தடியோடு பின்னால் வந்தார். பட்டறையில் நின்ற கூட்டம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது: ஒருவன் கையில் சட்டம், வாயில் ஓட்டை, உட்கார முடியாமல் நிற்கிறான், ஒருவன் மூக்கு ஊதாவும் சாம்பலுமாக வீங்கியிருக்கிறது, இரண்டு பேருக்கும் புருவம் இல்லை. ஸ்லூயிஸ் அவர்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியோடு சேர்ந்து முழுதாக நின்ற காரைப் பார்த்தார். மூக்கிலிருந்து வால்வரை நடந்தார். குனிந்து பார்த்தார். பெப்பேயை உட்கார வைக்கச் சொன்னார். தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு ரொட்டிக் குச்சி போகும் இடைவெளி இருந்தது. தன் கழுத்தைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இதுதான்," என்றார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

சின்யோரா தடியை ஊன்றினார். "இது யார் கார்?"

ஒட்டாவியோ வாயைத் திறந்தான். ரென்ஸோவும் திறந்தான். ஃபிரிட்ஜ் கதவின் வெள்ளை இரண்டு பேர் கண்ணிலும் மின்னியது. முன்னால் இருக்கும் எல்லாமே என்னுடையது என்றான் அண்ணன். நிற்கும்படி வைத்தது என் பின்பாதி என்றான் புருஷன். கோட்டைப் பார்த்தவன் நான். கோட்டைப் போட்டவன் நான். உன் கை உதறிற்று. உதறினது என் கைதானே. இந்த இடத்தில் ஒட்டாவியோ நல்ல கையால் மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டையைப் பிடித்தான், ரென்ஸோ மச்சானின் சட்டம் கட்டிய கையைப் பிடித்து முறுக்கினான். இரண்டு பேரும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து, ஸ்லூயிஸின் முழங்காலுக்கு நடுவில் புகுந்து, நேராகக் கண்ணாடிக்குள் போனார்கள்.

அது உடைந்த சத்தம் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் ஒரு குட்டிக் காரோடு, கண்ணாடி தரையில் உட்கார்ந்தது. அதற்குப் பின்னாலிருந்து துணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது மொட்டைக் களிமண். ஒரு கோடு கிடையாது, ஒரு சக்கரம் கிடையாது. ஹாலந்துக்காரர் அரைக் காரையும் மண் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் கண்ணாடித் தூள் வைரம் மாதிரி இருந்தது.

"மறுபாதியும் இதே மாதிரி வருமா?" என்று கேட்டார்.

"வரும்," என்றாள் கிளேலியா. "திருப்பிப் போட ஒரு கழித்தல் குறி போதும்."

சின்யோரா அவள் பக்கம் திரும்பினார். முன்னும் பின்னும் யாருடையது என்று உனக்குத்தான் தெரியும், ஒருவன் பெயரைச் சொல், மற்றவன் நாளைக்கு செத்திமோவில் இருப்பான், என்றார். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து இரண்டு தலைகளும் உயர்ந்தன. ஒன்று புருஷன், ஒன்று அண்ணன். நாலு நாளாக அவள் பையில் சுமந்த கேள்வி. பையில் இப்போது ஒன்றும் இல்லை.

"ரெண்டு பேரையும் அனுப்புங்க சின்யோரா," என்றாள். "ஒருத்தனை மட்டும் அனுப்பினா ஃபிரிட்ஜும் வராது, இங்க காரும் வராது. ஒரே மேஜையில உட்கார வைங்க. ஒரு பென்சில், ஒரு டப்பா. இங்க அடுத்த கார் வர்றப்ப நான் கேப்பேன். அப்ப சேத்தே திருப்பி அனுப்பணும்."

சின்யோரா கொஞ்சம் யோசித்தார். கீழே முற்றத்தில் சாய்ந்து கிடந்த எலுமிச்சைகளை ஜன்னல் ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு இரண்டு தலைகளிலும் தடியால் ஒவ்வொன்று போட்டுவிட்டு, சரி என்றார்.

செத்திமோவிலிருந்து வரும் செய்திகள் நல்லவை. முதல் வாரத்தில் நாலு ஜன்னல் போயிற்று, இரண்டாவது வாரத்தில் இரண்டுதான். கட்டைவிரல் கூடும்வரை ஒட்டாவியோ இடக்கையால் எலியை உருட்டப் பழகுகிறானாம்; மாப்பிள்ளைக்கு விட்ட அறையையும் செய்ததைச் செய்யாததாக்கும் அந்த விசையால் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டானாம். ரென்ஸோ பென்சிலை எடுத்து, அதை முதலில் எதிராளியின் தொடையில் குத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் வரைகிறானாம். அவர்கள் செய்த ஃபிரிட்ஜ் கதவு பாய்வதற்குப் பதுங்கியதுபோல் இருப்பதாகவும், திறக்கவே பயமாக இருப்பதாகவும் அந்தக் கொட்டகையின் மேஸ்திரி தொலைபேசியில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல அண்ணன் சாப்பிட வருவான். கிளேலியா பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கொதிக்கும் சட்டியை மேஜை நடுவில் வைத்தாள், யார் கைக்கும் எட்டாத தூரத்தில். முள்கரண்டிகளை எடுத்துவிட்டுக் கரண்டிகள் வைத்தாள். பிறகு சாப்பாட்டு அறைச் சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.